ஏத்திவிட்டவன்

அந்த ஓகஸ்ட் மாதம் இரண்டு கிழமை விடுமுறையில் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலுள்ள அப்பா அம்மாவின் வீட்டுக்கு வந்தபோது என் கைப்பையில் ஒரு கொன்ராக்ட் இருந்தது. நான் வேலை பார்க்கும் அமெரிக்க ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருடம் வேலை செய்யச் சம்மதம் என்று கையெழுத்து வைத்து ஃபக்ஸில் அனுப்ப வேண்டும். கடைசி நாள் விடுமுறையின் இரண்டாவது திங்கட்கிழமை. அப்பாவோ ஒரு வருட வேலை முடிந்து நான் ஒரேயடியாக வீடு திரும்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மிச்சச் சாமான் பார்சலில் வருகிறதா என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பார்க்கிங் ரிக்கற்றைத் தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மாவுக்கும் எனக்கும் இடையில் ஒரு பொய் இருந்தது. ஒரு வருடப் பழைய பொய்.

நான் நேர்ஸிங் படித்து முடித்த வருடம் ஒன்ராரியோ ஆஸ்பத்திரிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. இருபது வருட அனுபவம் உள்ளவர்களே வேலை தேடி அலைந்தார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு முதியோர் இல்லத்தில் கூப்பிட்டால் மட்டும் போகிற வேலை. கிழமைக்கு ஒரு நாள் கூப்பிடுவார்கள். சில கிழமை அதுவும் இல்லை. காலையில் யூனிபோமை இஸ்திரி போட்டுவிட்டு ரெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்குத் தன் பெயர் எழுதத் தெரியும். பதினாலு வயதிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லாக் கடிதத்தையும் திறந்தது நான். வாடகைப் பத்திரம், வரிப் பத்திரம், அகதி விண்ணப்பம் எல்லாம் நான் வாசித்துச் சொல்ல அவர்கள் கையெழுத்து வைத்தார்கள். அப்படிப்பட்டவள் இஸ்திரி போட்ட யூனிபோமோடு சோபாவில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து நேர்ஸ்களை எடுக்க வந்தவர்கள் விமான நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டலில் மேசை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மூன்று பஸ் மாறிப் போனேன். அமெரிக்க வேலைக்குத் தேவையான கனடாக் குடியுரிமை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்றைக்கே என்னை எடுத்துவிட்டார்கள்.

இடம், ஜோர்ஜியா மாநிலத்தின் தெற்கு மூலையில் ஒரு சின்ன ஊர்.

அப்பாவிடம் அதைச் சொல்ல முடியவில்லை. எண்பத்துமூன்றாம் ஆண்டுவரை அவர் தென்னிலங்கையில் ஒரு சின்ன ஊரில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். நாங்கள் யாழ்ப்பாணத்தில்; அவர் அங்கே சிங்களவர் நடுவில் தனியாக. தமிழருக்கு எதிரான கலவரத்தில் கடை எரிந்தது. அவர் உடுத்த சாரத்தோடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தெற்கு என்பது ஒரு திசை அல்ல. அம்மா வானொலியில் அந்தச் சொல் வந்தால்கூட எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைப்பாள். "அப்பாவுக்கு முன்னாலை தெற்கு எண்டு சொல்லாதை. அட்லாண்டா எண்டு சொல்லு," என்றாள். ஒலிம்பிக் நடந்த நகரம் என்பதால் அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியும். மகள் அட்லாண்டாவில் பெரிய ஆஸ்பத்திரியில் என்று கட்டிடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அட்லாண்டாவிலிருந்து நான் இருந்த ஊருக்கு நாலு மணி நேரம் கார் ஓட வேண்டும்.

வந்த ஆறாம் நாள் பொய் உடைந்தது. எலிவேற்றரில்.

எங்கள் கட்டிடத்தில் மூன்று எலிவேற்றர். எந்நேரமும் ஒன்று பழுது. அன்று பின்னேரம் அப்பா அரிசி மூட்டையோடும் நான் மரக்கறிப் பையோடும் ஏறினோம். எட்டாம் மாடி அன்ரியும் ஏறினா. கட்டிடத்தில் எந்த வீட்டில் யாருக்கு என்ன என்பது அவவுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. அம்மா சொல்லச் சொல்ல எனக்குக் கடிதம் எழுதி, உறையில் விலாசமும் போட்டுத் தருவது அவவின் மகள். அதை நான் யோசிக்கவே இல்லை.

"பிள்ளை, நீர் இருக்கிறது அட்லாண்டா இல்லையாமே," என்றா அன்ரி, ஒரு கெடுதலும் இல்லாத முகத்தோடு. "என்ரை மகள் அமெரிக்க மப்பிலை தேடிப் பாத்தவள். இன்னும் நல்லாத் தெற்காலையாம். புள்ளி வைக்கக்கூட இடம் காணாத ஊர் எண்டு சிரிக்கிறாள். என்ன, வெக்கை கூடவோ?"

எலிவேற்றர் மூன்றாம் மாடியில் நின்றது. யாரும் ஏறவில்லை. கதவு திறந்து, யோசித்து, மூடியது. ஐந்தாம் மாடியிலும் அப்படியே. வெக்கை கூடத்தான் அன்ரி என்றேன். அப்பா மூட்டையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"எந்தத் தெற்கு?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல், எண்கள் மாறுகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு.

அன்ரி எட்டாம் மாடியில் இறங்கினா. வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டிய பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: ஊர், தூரம், கொன்ராக்ட், திங்கட்கிழமை. அப்பா அரிசியை வாளிக்குள் கொட்டி முடிக்கும்வரை கேட்டார். பிறகு அம்மாவிடம், "உமக்கும் தெரியுமோ?" என்றார். அம்மா ஓம் என்றாள். அவ்வளவுதான். அடுத்த மூன்று நாளும் அவர் என்னோடு கதைக்கவில்லை. பின்னேர ஷிப்ற்றுக்கு நேரத்தோடு கிளம்பினார். சாப்பாட்டுப் பெட்டியை நான் நீட்டினால் அம்மாவிடமிருந்து வாங்குவதுபோல் வாங்கினார்.

அந்த மூன்று நாளும் அந்த ஊரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே நான் முழுநேர நேர்ஸ். என் பெயரைக் கொலை செய்துதான் கூப்பிடுவார்கள். ஆனால் மரியாதைச் சொல் சேர்க்காமல் கூப்பிட மாட்டார்கள். டொக்டர்கள் நான் சொல்வதைக் கேட்பார்கள், ஏனென்றால் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. பழைய கார் ஒன்று வாங்கினேன். அது ஒருநாள் வழியில் நின்றபோது பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் தங்கள் வண்டியை நிறுத்தினார்கள். கடையில் வெண்டிக்காய் மலையாகக் குவித்திருக்கும். முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். புதிதாக யாரைச் சந்தித்தாலும், நீ யாருடைய ஆள் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஆற்றை பிள்ளை என்று கேட்கிற அதே கேள்வி, அதே தலைச்சாய்ப்பு. இங்கே ரொறன்ரோவில் சப்வேயில் ஒரு மணி நேரம் ஒருவருக்கொருவர் தோள் முட்ட நின்றாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அங்கே கேட்டார்கள். கேட்கும்போது நான் ஒரு ஆளாக இருந்தேன்.

ஆனால் பதில் சொல்ல முடியவில்லை. நான் அங்கே யாருடைய ஆளும் இல்லை. கறுப்பர்களுக்கு ஒரு பக்கம், வெள்ளையர்களுக்கு ஒரு பக்கம் தேவாலயம் இருந்தது, இடுகாடுகூட அப்படித்தான். நான் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழ விவசாயி, இடுப்பு முறிந்து வந்தவர், நான் கட்டு மாற்றப் போனபோது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மிக மரியாதையாக, உள்ளூர் வழக்கப்படி அம்மணி என்று விளித்து, வேறு ஆளை அனுப்பச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திராது. என்னோடு வேலை செய்த கறுப்பின நேர்ஸ் ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அவருடைய மருத்துவக் கோப்பை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "என்னையும் அவருக்குப் பிடிக்காதுதான். என்னைச் சகித்துப் பழகிவிட்டார்," என்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலையில் அதே கிழவர் ஊன்றுகோலோடு என் வீட்டு வாசலில் நின்றார். நான் யன்னல் சீலையின் விளிம்பால் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு விடவே பயம். அவர் மூன்று தரம் தட்டினார். பிறகு ஒரு கடதாசிப் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே வெண்டிக்காய். தன் தோட்டத்தில் பறித்தது. மன்னிப்போ, நன்றியோ, வேறு எதுவோ, எனக்குத் தெரியாது. என் வீடு அவருக்கு எப்படித் தெரியும் என்று, எனக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் வியப்போடு பார்த்தாள். கேட்கிற எல்லோருக்கும் நான்தானே சொல்கிறேன் என்றாள். அந்த வெண்டிக்காயைப் பால்கறி வைத்துச் சாப்பிட்டேன். நல்ல ருசி. அன்றிலிருந்து கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கதிரை ஒன்றையும் வைத்தேன்.

சனிக்கிழமை அப்பாவுக்கு வேலை இல்லை. காலைத் தேத்தண்ணி குடித்து முடித்ததும் நான் அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். கையில் ஒரு தாள். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் அந்த ஊரின் நல்லது, மறுபக்கம் கூடாதது. கல்லூரியில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் வாசித்துச் சொன்னேன், முன்பு கடிதங்களை வாசித்த அதே குரலில். என் கணக்குப்படி நல்லது பக்கம் நீளமாக இருந்தது. கிழவர் வாசலில் நின்றதை நான் எழுதவில்லை. அப்பா குறுக்கிடாமல் கேட்டார். மூன்று நாளுக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், என் வீட்டைக்கூட ஊர் முழுக்கத் தெரியும் என்று வாசித்தேன். அது நல்லது பக்கம் இருந்தது.

"அதை மற்றப் பக்கத்திலையும் எழுது," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்றேன். கலவரத்தில் கடையைக் காட்டிக்கொடுத்த அந்தப் பக்கத்துப் பேக்கரிக்காரனை நினைக்கிறார். அது இலங்கை, இது அமெரிக்கா. அது வேறு தெற்கு, இது வேறு தெற்கு. "பேக்கரிக்காரன் கடையைக் காட்டினவன், ஆக்களை ஏத்திவிட்டவன். எனக்குத் தெரியாதோ? நான்தானே அப்பா எழுதினனான்."

அதை எழுதியது ரொறன்ரோவின் பார்க்டேலில், ஒரு லோயரின் அறையில். நாங்கள் வந்த புதிது. எனக்குப் பதினாலு வயது. அகதி விண்ணப்பத்துக்கு அப்பா தன் கதையைச் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பக்கத்துப் பேக்கரிக்காரன்தான் கடையைக் காட்டினவன், பிறகு அவன்தான் ஏத்திவிட்டவன் என்றார். ஏத்திவிட்டவன் என்ற சொல்லில் பேனையை நிறுத்தி, மடியில் வைத்திருந்த அகராதியைப் புரட்டினேன். ஆட்களைத் தூண்டிவிட்டான் என்பதற்கு நல்ல பெரிய ஆங்கிலச் சொல் ஒன்று கிடைத்தது. லோயரின் உதவியாளர் அதை வாசித்துவிட்டு, எனக்கு ஆங்கிலம் நன்றாக வருகிறது என்று பாராட்டினார். பல வருடம் அந்தப் பாராட்டை நான் நினைத்துப் பார்த்ததுண்டு.

அப்பா கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஆக்களையோ? ஆர் சொன்னது ஆக்களை எண்டு?"

"நீங்கள்தான்."

"என்னையெல்லோ ஏத்திவிட்டவன்," என்றார். "தன்ரை பாண் வானுக்குள்ளை. பாண் தட்டுக்குக் கீழை படுக்கவைச்சு, மேலை சாக்கு மூடி. அகதி காம்ப் வாசலிலை கொண்டுபோய் இறக்கினவன்."

குசினியில் அம்மா தண்ணீர்க் குழாயை மூடினாள். அவளும் இதை முதல்தரம் கேட்கிறாள் என்பது அந்த அமைதியில் தெரிந்தது.

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஏற்றிவிடுகிறோம், ரெயில் ஏற்றிவிடுகிறோம். தினமும் புழங்குகிற சொல். பதினாலு வயதில், காட்டினவன் என்ற சொல்லுக்குப் பின்னால் அது வந்ததால், எனக்கு அதன் மற்ற அர்த்தம் மட்டும் தெரிந்தது. அதன்மேல் நான் பத்து வருடம் வீடு கட்டியிருக்கிறேன். அப்பாவுக்குத் தெற்கு என்றால் துரோகம், அவரால் வேறு மாதிரி யோசிக்க முடியாது, பாவம், படிக்காத மனுசன் என்று. அந்த நினைப்பில்தான் அவரிடம் பொய் சொன்னேன்.

அன்று என்ன எழுதினேன் என்பதை அவரிடம் சொன்னேன். சொல்லும்போது காது சுட்டது.

"அப்ப கனடாக்காரன்ரை கடதாசியிலை அவன் முழுக் கள்ளன் எண்டு கிடக்கோ?"

"ஓம்."

"பாவம்," என்றார். பிறகு யோசித்து, "பாவமும் இல்லை. காட்டினதும் அவன்தானே. காலமை காட்டினான், பின்னேரம் வானைக் கொண்டந்தான். ஏன் எண்டு நான் கேக்கேல்லை. கேக்கிற நிலைமையிலை இல்லை."

எனக்கு அத்தோடு பேச்சு முடிந்துவிட்டால் போதும் என்றிருந்தது. அவர் விடவில்லை. மேசையில் கிடந்த தாளைத் தன் பக்கம் இழுத்து, வாசிக்கத் தெரியாத அந்த ஆங்கிலத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அங்கை உன்னைக் காட்டுறதுக்கு ஊர் முழுக்க ஆக்கள் இருக்கினம். அதை நீயே வாசிச்சாய். ஏத்திவிடுறதுக்கு ஆர் இருக்கினம்?"

அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது என்றேன். தன் கடையிலிருந்தும் பொலிஸ் ஸ்ரேசன் நூறு யார் தூரம்தான் என்றார். அதை அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. தூரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். அப்போதுதான் வாசலில் நின்ற கிழவரைப் பற்றியும் கதவுக்குக் கொடுத்த கதிரையைப் பற்றியும் சொன்னேன். அம்மா ஈரக் கையோடு வந்து கதவடியில் நின்று கேட்டாள்.

"ஒரு ஆளின்ரை பேர் சொல்லு," என்றார் அப்பா. "ஒண்டு போதும்."

வீட்டுக்காரியை நினைத்தேன். என்னில் உண்மையான அன்பு உள்ளவள். கேட்கிற எல்லோருக்கும் வழி சொல்பவளும் அவள்தான். கிழவரை நினைத்தேன். காரை நிறுத்தி உதவிய மூன்று பேரை நினைத்தேன். ஒவ்வொரு முகமும் வந்து, ஏதோ ஒரு இடத்தில் நின்றுபோனது. கடைசியில் தெரியாது என்றேன்.

"அப்ப தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வை."

அந்தச் சொல்லோடு அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் சுவர் ரெலிபோனை எடுத்து கோப்பை என் கையிலிருந்து எடுத்த அந்த நேர்ஸின் இலக்கத்தைச் சுழற்றினேன். ஒரு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன். முதல் மாதம் கார் இல்லாதபோது என்னை ஏற்றி இறக்கியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அம்மா வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஊரைப் பற்றி ஒரு நாளும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் நான் பயந்தவள் என்று நினைப்பாள் என்ற கர்வம்.

அவள் எடுத்ததும், விடுமுறையில் ரெலிபோன் எடுக்கிறாயே, என்ன நடந்தது என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். பிறகு, எழுதி வைக்காத ஆங்கிலத்தில், தட்டுத் தடுமாறிக் கேட்டேன். என்றைக்காவது ஊர் முழுக்க என் வீட்டுப் பக்கம் திரும்பினால், நீ எனக்காக வருவாயா?

மறுபக்கம் ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் நிறுத்தினாள். அப்படி ஒன்றும் நடக்காது என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

"நான் வருகிறவரை நீ வீட்டில் நிற்காதே," என்றாள். "பெரிய தெருவாலும் வராதே. எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மண் ரோட்டு இருக்கிறது. கார் விளக்குப் போடாமல் ஓடலாம். அது எங்கள் அம்மா வீட்டுப் பின்புறம் வரும். நீ வந்ததும் ஒரு தரம் பகலில் காட்டுகிறேன்." பிறகு கொஞ்சம் சிரித்தாள். "இதைக் கேட்க உனக்கு ஒரு வருடம் எடுத்ததா?"

வைத்ததும் அப்பா என்ன சொல்கிறா என்று கேட்டார். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். விளக்குப் போடாமல் ஓடலாம் என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்த ரோட்டு அவவுக்கு என்னெண்டு தெரியும்?"

நான் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றியிருக்கவில்லை.

"அவையும் ஒருக்கா ஓடியிருப்பினம்," என்றாள் அம்மா கதவடியிலிருந்து.

அப்பா தலையாட்டினார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் இலக்கத்தை ரெலிபோனுக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி வைக்கச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, கூப்பிட்டாலும் கதைக்க முடியாது என்றேன். அழுதால் விளங்கும்தானே என்றார். பகிடியாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் பிளாசாவிலுள்ள வீடியோக் கடைக்கு ஃபக்ஸ் அனுப்பப் போனேன். கேட்காமலே அப்பாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூட வந்தார். கடையில் நான் கொன்ராக்டை விரித்து, இரண்டு வருடம் என்ற இடத்தில் 2 ஐ வெட்டி, 1 என்று எழுதிப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தேன். இரண்டு வருடத்துக்கு எனக்கு நம்பிக்கை போதவில்லை. போகாமல் விடவும் மனம் இல்லை. அவர்கள் அதை ஏற்பார்களா என்றுகூடத் தெரியாது. ஏற்றார்கள், ஆனால் அது பிறகு.

"எத்தினை வருசம்?" என்று கேட்டார்.

"ஒண்டு."

"அப்பிடித்தான் எழுதியிருக்கோ?"

இதற்கு முன் ஒரு நாளும் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. முகம் சூடேறியது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்றும் தெரிந்தது. தாளை அவர் பக்கம் திருப்பி, எழுதிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டப்போனேன்.

"விரலை எடு," என்றார். "இலக்கம் எனக்கு வாசிக்கத் தெரியும்."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குனிந்து, வெட்டிய இரண்டையும் எழுதிய ஒன்றையும் பார்த்தார். பிறகு தாளை அவரே கடைக்காரரிடம் நீட்டினார்.